தடங்கல் எங்குட்டு என்று கேட்ட அத்தை

அருள்மேரி அத்தை இறந்த செய்தி எங்கள் வீட்டுத் தொலைபேசியில்தான் வந்தது. மதுரை மருத்துவமனையிலிருந்து அப்பா பேசினார். அம்மா கேட்டு முடித்த பிறகும் ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றார். அந்தத் தொலைபேசியோடு அத்தைக்கு என்ன வழக்கு இருந்தது என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

நம் கோயில் பங்கு இதழை வாசிக்கிற நீங்கள் அத்தையை ஞாயிறு பூசையில், பாடற்குழுவின் முன்வரிசையில் பார்த்திருப்பீர்கள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஒலிக்காமல் போனால், பூசை முடிந்ததும் அதைத் திறந்து பார்க்காமல் வீடு திரும்பமாட்டார். அவர் அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடு செக்காலை வீட்டில் இருந்தார். அவருடைய ஒரே மகள், எனக்கு அத்தாச்சி, வேறு மதத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மலேசியாவுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. தன் தம்பியின் வீட்டில் அண்டியிருந்ததால் அத்தையும் சொன்னதில்லை.

தொண்ணூற்றெட்டில் அப்பா கம்ப்யூட்டர் வாங்கினார். பழைய வீடுகளிலிருந்து எடுத்து விற்கும் கதவுகள், தூண்களின் படங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக, தொலைபேசி வழியே இன்டர்நெட்டும் வந்தது. அதன் பிறகு ஒருநாள், கோலாலம்பூரிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு பெண் கோயில் வாசலில் அத்தையிடம் சொன்னார்: "பெரியம்மா, ஒங்க மக அங்க டிவியில தமிழ்ச் செய்தி வாசிக்கிறாக. இன்டர்நெட்லயும் போடுறாக."

அன்று மாலையே அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏத்தா, ஒங்கப்பா பொட்டியில அது வருமா?"

வந்தது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம். அத்தாச்சி கைகூப்பி, "வணக்கம். செய்திகள் வாசிப்பது..." என்றதோடு அப்படியே நின்றுவிட்டார். கீழே 'பஃபரிங்' என்று எழுத்து வந்தது. அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறதா என்று எனக்குக் காதெல்லாம் வாசலில். அத்தை அழுவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பாதி திறந்திருந்த மகளின் வாயை உற்றுப் பார்த்தார்.

"தடங்கல் எங்குட்டுடி? அங்குட்டா, இங்குட்டா?"

அதன் பிறகு அப்பா வெளியே போகும் நேரமெல்லாம் எங்களுக்கு அதே வேலை. பஃபரிங் என்றால் என்ன என்று கேட்டார். படம் துண்டு துண்டாக வரும், கொஞ்சம் சேர்ந்த பிறகு ஓடும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அப்ப நம்ம தெருக்கொழா மாதிரி. நூலா வருது. கொடம் நெறையிறதுக்கு முன்னாடி நம்ம மோந்துர்றோம். நிப்பாட்டி வையி, நெறையட்டும்" என்றார். நிறுத்திவைத்துவிட்டு ஓடவிட்டோம். முன்னைவிடக் கொஞ்ச தூரம் ஓடியது. நான் அவசரத்தில் படத்தின் தரத்தையும் குறைத்து, தொலைபேசி ஒயரையும் மாற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"ஒன்னை மட்டும் மாத்திப் பாரு. ரெண்டையும் மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு எப்புடிடி தெரியும்?"

தரத்தைக் குறைத்தோம். முகம் மங்கியது, ஓட்டம் கூடியது. ஆனால் இப்போது வேறு ஒரு தொல்லை. பெயரைச் சொல்லும் இடத்துக்கு வருவதற்குள் இணைப்பே அறுந்துபோகும். நான் மோடத்தைக் குறை சொன்னேன். அத்தை இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அறுவதற்குச் சற்று முன்னால் அடுக்களைப் பக்கம் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. அங்கே அதே லைனில் இன்னொரு தொலைபேசி இருக்கிறது; அதை எடுத்தாலே இன்டர்நெட் அறுந்துபோகும். மழைக்கு மழை செத்துப்போகும் தொலைபேசி என்பதால், எங்கள் வீட்டில் அதைக் கடந்து போகிறவர்கள் ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவோம்.

அம்மாவிடம் சொன்னால் அப்பாவுக்குப் போய்விடும் என்று நான் பயந்தேன். அத்தை நேராக அடுக்களைக்குப் போனார்.

"சகாயம், அந்தப் போனை எடுத்து எடுத்துப் பாக்காத."

"அது கிரீச்சுன்னு கத்துது மதினி. கெட்டுப்போச்சோன்னு மறுபடி மறுபடி எடுத்துப் பாக்குறேன்."

"கத்துறது எம் மகதான். பொட்டியில செய்தி வாசிக்கிறா."

அம்மா அரிவாள்மணையிலிருந்து எழுந்துவிட்டார். "என்னைக்கு மதினி பாப்பீக?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஒரு பழைய வீட்டைப் பார்க்கக் குன்றக்குடிக்குப் போனார். அம்மா கீரைக்கட்டோடு அடுக்களைத் தொலைபேசியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே, செய்திகள் வாசிப்பது யார் என்று அத்தாச்சி வாய்விட்டுச் சொன்னார். அந்தப் பெயர் எங்கள் வீட்டில் கேட்டது. நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

"நம்ம சொல்லலடி. அவளே சொல்லிக்கிட்டா" என்று அத்தை சிரித்தார். பிறகு பாமாயில் விலை, கிளந்தான் மழை எல்லாவற்றையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்குட்டு ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் இங்குட்டுத்தான்."

அடக்கத்துக்கு அச்சடித்த அட்டையில் தம்பி பெயர், தம்பி மனைவி பெயர், என் பெயர் எல்லாம் இருந்தன. மகள் பெயர் இல்லை. அத்தாச்சிக்கு யாரும் தகவலும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டால், "ஒங்கப்பாட்ட யாரு பேசுறது?" என்கிறார்.

எல்லோரும் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பா இந்த இதழை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். பயமாகத்தான் இருக்கிறது. என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கிறது. அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பதைத்தான். அட்டையில் இருந்தது எல்லாம் அப்படியே இருக்கட்டும். நான் மாற்றுவது ஒன்றே ஒன்று.

அருள்மேரிக்கு ஒரு மகள் இருக்கிறார். பெயர் ரெஜினா. உங்களில் மலேசியாவுக்குப் போய்வருகிறவர்கள் அவரிடம் அம்மா இறந்ததைச் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை, அவர் வாசித்த செய்தியை அவருடைய அம்மா தடங்கல் இல்லாமல் கடைசிவரை கேட்டார் என்பதையும் சொல்லுங்கள்.