கொழும்பு மகாநாட்டில் என் கட்டுரை

கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஏற்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மறந்திருப்பேன். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் பல்லைக் கடிக்க வைப்பது அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஹட்டன் நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. தாத்தா காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கடைக்கு மேலேதான் வீடு.

ஒரு நாள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்துவந்து படித்த ஒரு சிறுமியை எழுப்பி, "உன் தாயார் எங்கே?" என்று கேட்டார். "பெரட்டுக்குப் போயிருக்காங்க" என்றாள் அவள். "தமிழில் சொல்" என்றார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "இதைத்தான் கற்பிக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அந்தச் சிறுமி அதன் பிறகு வகுப்பில் வாய் திறக்கவே பயந்தாள். தமிழில் பேசிய குழந்தையைத் தமிழில் பேசு என்று சொல்லி ஊமையாக்கிவிட்டுப் போனார் அந்த மனிதர்.

அந்தக் கோபத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். கொழும்பில் ஒரு சங்கம் தமிழ் மொழி மகாநாடு நடத்தப்போவதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்திருந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளை வரவேற்கிறார்களாம். வேறெங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் தெளிவாக எழுதி இரண்டு பிரதி அனுப்ப வேண்டும், பத்துப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

தோட்டத்துக்குள் போய் ஆட்களிடம் பேச, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையின் அனுமதி வேண்டும். எனக்கு அது கிடைக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோட்டமே எங்கள் கடைக்கு வந்துவிடும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதினேன். எழுதுவதை மறைக்கவில்லை. "என்னா டீச்சரம்மா, எங்க பேச்சையா எழுதுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கூடுதலாகப் பேசினார்கள். ரவிக்கைத் துணி எடுக்க வந்த ஒரு பெண் அப்பாவிடம், "வெல கொறஞ்சதா காட்டுங்க மொதலாளி. இந்த மழையில கூடை எங்க நெறையுது? நேத்தும் அரைப் பேருதான் போட்டாங்க" என்றாள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் கணக்கில் பேர் விழும். சொன்ன அளவு கொழுந்து பறிக்காவிட்டால் பாதி நாள் கூலிதான். அதற்குத்தான் அரைப் பேர் என்று சொல். அவள் நாளெல்லாம் நின்றது மழையில், கணக்கில் எழுதியது பாதி. இவ்வளவையும் இரண்டு சொல்லில் அடக்கிவிட்டார்கள். பெரட்டு என்பது பட்டாளம் அணிவகுப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள பரேட் என்ற சொல். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்துக்கு அதைச் சொன்னவன் வெள்ளைக்காரன். அது இவர்கள் வாயில் பெரட்டுக்கு, பெரட்டுல, பெரட்டுக்களம் என்று ஒரு வேற்றுமை கூடத் தவறாமல் தமிழ் இலக்கணப்படி நடந்தது. இது சிதைவு அல்ல, மொழி தன் வேலையை ஒழுங்காகச் செய்வது என்பதுதான் என் கட்டுரை.

"இதையெல்லாம் யாரு தாயி படிப்பாங்க?" என்றார் அப்பா. ஆனால் நல்ல தாள் வாங்கி வந்து கொடுத்தவரும் அவர்தான்.

கட்டுரை ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது. நான் தலைப்பெழுத்துக்களை மட்டும் போட்டிருந்ததால் ஆண் என்று நினைத்து "ஐயா" என்று விளித்திருந்தார்கள். அப்பா கறுப்புக் கோட்டைத் தேய்க்கக் கொடுத்தார். இருவரும் ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம்.

மண்டப வாசலில் செயலாளர் என்னைப் பார்த்ததும் திகைத்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, "நேரம் போதாது, அம்மா. தங்கள் கட்டுரையைத் தலைவரே தம் பேருரையில் எடுத்தாளுகிறார். பெரிய கௌரவம்" என்றார்.

"அப்படின்னா நான் படிக்க வேண்டாமா?"

"தலைவர் எடுத்தாள்வதற்கு மேல் வேறென்ன வேண்டும்?"

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அரைமனம்தான். இருந்தாலும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம்.

தலைவர் நல்ல பேச்சாளர். சங்கத் தமிழின் பெருமையைச் சொன்னார். பிறகு, "இன்று நம் மொழிக்கு நேர்ந்திருக்கும் கதியைப் பாருங்கள்" என்று மேசையிலிருந்து சில தாள்களை எடுத்தார். என் கையெழுத்து எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. துணி எடுக்க வந்த பெண்ணின் பேச்சைக் குரலை மாற்றி, இழுத்து, மூக்கால் வாசித்தார். மண்டபம் சிரித்தது. "அரைப் பேராம்! பெயரில் பாதியை வெட்டிவிட்டு மீதியைத்தான் கூப்பிடுவார்களோ?" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. பக்கம் புரட்டி அடுத்த வாக்கியத்துக்குப் போனார். ஒவ்வொன்றின் கீழும் நான் எழுதியிருந்த விளக்கத்தை அவர் தொடவே இல்லை.

நான் எழுந்து நின்றேன்.

"அந்த வாக்கியத்துக்குக் கீழே அரைப் பேர் என்றால் என்ன என்று எழுதியிருக்கிறேன். அதையும் வாசியுங்கள்."

"கேள்விகள் இறுதியில்" என்றார் செயலாளர்.

"இது கேள்வி இல்லை. என் கட்டுரை அது."

"அமருங்கள், அம்மா."

அப்போது பக்கத்திலிருந்து அப்பா எழுந்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கைகூப்பி, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. எம்மக எழுதுனத எம்மகளே படிக்கட்டுங்க. அவ சொல்றது வேறயா இருக்குதுங்க."

மண்டபம் மறுபடியும் சிரித்தது. தலைவர் வாசித்துக் காட்டிய அதே பேச்சு எழுந்து நின்று பேசியது போல அவர்களுக்கு இருந்திருக்கிறது. அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. தாமும் சிரிக்கப் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது. கைகூப்பியபடியே உட்கார்ந்தார்.

நான் மேடைக்கு ஏறினேன். ஏறுவேன் என்று யாரும் நினைத்துப் பார்க்காததால் தடுக்கவும் யாரும் இல்லை. தலைவரின் கையிலிருந்த தாள்களைப் பிடுங்கினேன், ஆம், பிடுங்கினேன். முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். செயலாளர் நேரம் முடிந்ததற்கு அடிக்கும் மணியை எடுத்து அடித்தார். நான் வாசித்தேன். அவர் அடித்துக்கொண்டே இருந்தார். நடுவில் யாரோ தேநீர் தயார் என்று அறிவித்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன. அரைப் பேரின் விளக்கத்துக்கு நான் வந்தபோது பாதி மண்டபம் தேநீர் குடிக்கப் போய்விட்டது. எங்கள் மலையில் பறித்த தேயிலைதானே அது. அந்தக் கோப்பைகளை எல்லாம் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது.

திரும்பும் ரயிலில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கினிகத்தேனைப் பக்கத்து மலைகள் தெரிய ஆரம்பித்தபோது, "சாப்டுறியா?" என்று மட்டும் கேட்டார்.

சில மாதம் கழித்து மகாநாட்டு மலர் வெளிவந்தது. என் கட்டுரை அதில் இல்லை. தலைவரின் உரை இருந்தது. அதில் என் எடுத்துக்காட்டுகள் எல்லாம் இருந்தன. அடிக்குறிப்பில், "மலைநாட்டு நண்பர் ஒருவர் திரட்டித் தந்தவை" என்று போட்டிருந்தார்கள். மூன்று முறை மறுப்பு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதைக் கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அப்பா மாறிப்போனார். கொழும்பிலிருந்து மொத்த வியாபாரிகள் வந்தால் கல்லாவிலிருந்து எழுந்து, "வருக, சரக்கு நல்லதாக இருக்கின்றது" என்று புத்தகத்தில் இருப்பது போலப் பேசத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி, நெற்றி வேர்க்க. விலை பேசுவதில் கடைவீதியிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த மனிதர் சொல் கிடைக்காமல் தடுமாறி, அவர்கள் கேட்ட விலைக்குத் தலையாட்டினார்.

ஒரு நாள் அவர்கள் போனதும் படியிறங்கிக் கடைக்குள் வந்தேன்.

"ஏங்கப்பா இப்படிப் பேசுறீங்க?"

"பின்ன எப்படிப் பேசச் சொல்ற? சிரிக்கிறாங்கல்ல?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல."

"நீ படிச்சவ. நீ சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு, பிரித்துப் போட்ட துணியை மடிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வருடம் கண்டியில் ஆசிரியர்கள் கூடிய ஒரு சிறிய கூட்டத்துக்கு அதே கட்டுரையை அனுப்பினேன். இந்த முறை முழுப் பெயரையும் போட்டு, நான்தான் வாசிப்பேன், ஒரு வரியும் குறைக்கக் கூடாது என்று மேலேயே எழுதினேன். சரி என்றார்கள். அப்பாவைக் கூப்பிட்டேன், கடையை யார் பார்ப்பது என்று வரவில்லை. பள்ளியில் என்னோடு வேலை செய்த ஆசிரியை ஒருத்தி துணைக்கு வந்தாள்.

வகுப்பறை போன்ற ஓர் இடம். ஒரு பத்துப் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். முழுவதையும் வாசித்தேன். எவராவது சிரிக்கட்டும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சண்டைக்கு நிற்பவள் போலத்தான் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் லிந்துலைப் பக்கம் படிப்பித்த ஓர் ஆசிரியர் எழுந்து, தம் பக்கத்துத் தோட்டங்களில் சில சொற்கள் வேறு மாதிரி வழங்குவதாகச் சொல்லி, அதற்கு என்ன காரணம் இருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அதன் பிறகு இருட்டும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டுரைக்கு நடக்க வேண்டியது அவ்வளவுதான். அதைச் செய்யக் கொழும்பில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாரும் சிரிக்கலையா?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சிரிக்கலைங்கப்பா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக, "நல்லது. மிக்க மகிழ்ச்சி அடைகின்றேன்" என்றார்.

நான் மாடிக்கு ஏறிப் போய் அடுப்படிக் கதவை ஓங்கிச் சாத்தினேன்.