டயரின் உள்பக்கத் தேதி

யூமா பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்க டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்பது வருடங்களாக டயர் என்றால் டெல்மர்தான். நெப்ராஸ்காவில் முப்பது வருடம் டயர் கடையில் நின்ற மனுஷன். புதிதாக யார் வந்து நின்றாலும் குனிந்து பார்த்து, "இது கார் டயர். வீட்டு பாரத்த இது தாங்காது, கழட்டி எறி" என்று சொன்ன பிறகுதான் பெயரையே கேட்பார்.

இந்த வருடம் டெல்மரின் டிரெய்லருக்கு எதிர் வரிசையில் எம்மெட் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். எழுபது வயதிலும் பல்வரிசை அப்படியே இருந்தது, பேச்சு அதைவிட நன்றாக இருந்தது. இரண்டே வாரத்தில் டயர் சந்தேகமெல்லாம் அவரிடம் போக ஆரம்பித்தது. டெல்மருக்கு வயிறு எரிந்தது. காலைக் காபிகூட உள்ளே இறங்கவில்லை.

போதாததற்கு ஒரு நாள் எம்மெட், டெல்மரின் டயர்களுக்கு வெயில் படாமல் போட்டிருந்த வெள்ளை உறையைத் தூக்கிப் பார்த்தார்.

"மேல பட்டன் தேயாம புதுசு மாதிரி இருக்கு டெல்மர். ஆனா வயசு என்ன ஆச்சு? ரப்பர் நின்ன இடத்துலயே செத்துப்போயிடுமே!"

ஊருக்கெல்லாம் டெல்மர் சொல்லிவந்த அதே வார்த்தை. "என் டயரப் பத்தி எனக்குத் தெரியும்" என்று உறையை வெடுக்கென்று இழுத்து மூடினார்.

மனைவி நடீன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். மார்ச்சில் மொன்டானாவில் அவளுடைய அக்காவுக்கு எண்பதாவது பிறந்தநாள். போகிற வழியெல்லாம் மலை. "டயர மாத்தினாதான் வண்டில ஏறுவேன். இல்லன்னா நான் பஸ்ல போறேன், நீ உன் டயரோட குடும்பம் நடத்து!"

டயர் பிறந்த வாரமும் வருடமும் நான்கு எண்களாக ஒரு பக்கத்தில்தான் இருக்கும். டெல்மரின் டயர்களில் அது உள்பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் அவருக்குத் தெரியும், ஏழு வருடம். வேறு யாருடையதாக இருந்தாலும் திட்டித் தீர்த்திருப்பார். இப்போது மாற்றினால் எம்மெட் சொல்லி மாற்றியதாக அல்லவா ஆகிவிடும்?

சனிக்கிழமை காலை. எல்லோரும் முகாமின் பொதுக் கூடத்தில் பான்கேக் தின்னப் போயிருந்தார்கள். டெல்மர் மட்டும் நழுவி, எம்மெட்டின் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். "கிழட்டு டயரா இருக்கணும் கடவுளே" என்று வேண்டிக்கொண்டே டார்ச் அடித்தார். போன வருடக் கடைசியில் பிறந்த டயர். பாரம் தாங்கும் அளவும் தேவைக்கு ஒரு படி மேலே. பாவி, குறை சொல்ல ஒன்றுமே வைக்கவில்லை.

அப்போது எதிரே, டெல்மரின் டிரெய்லர் பக்கம், நடீனின் குரல் கேட்டது.

"சீக்கிரம் பாருங்க எம்மெட். அவர் அங்க பான்கேக் தின்னுட்டு இருப்பாரு."

எம்மெட் அடியில் நுழைந்து வெளியே வந்தார். "ஏழு வருஷம். டெல்மருக்குத் தெரியாதா என்ன?"

"தெரியாம என்ன? நீங்க வாயத் திறக்காம இருந்திருந்தா எப்பவோ மாத்தியிருப்பாரு. நீங்க சொல்லிட்டீங்க, அதான் அடம் பிடிக்கிறாரு."

"அப்போ டயர் அருமை, கை வைக்காதீங்கன்னு சொல்றேன். நாளைக்கே மாத்திடுவாரு பாருங்க."

நடீன் கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. கண்ட பஸ் டிரைவருக்கெல்லாம் அதைக் கொடுப்பதா என்று டெல்மருக்கு நெஞ்சு கொதித்தது.

அவர்கள் போனதும் சுற்றுவழியில் ஓடிக் கூடத்தில் நுழைந்து, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் எம்மெட் தட்டோடு எதிரே வந்தார்.

"டெல்மர், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க டயர் இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்." மேசையே நிமிர்ந்து பார்த்தது.

மாற்றினால் அவன் விரித்த வலையில் விழுந்த மாதிரி. மாற்றாவிட்டால் நடீன் பஸ்ஸில் போவாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் பெட்டியைத் தூக்கிப்போக இந்த எம்மெட்டே முதல் ஆளாக நிற்பான். அந்த நினைப்பே போதுமாக இருந்தது.

"ஓடாது!" டெல்மர் மேசையைத் தட்டினார். "ஏழு வருஷத்து டயர். செத்துப்போச்சு. நாளைக்கே மாத்துறேன். தெரியாம யாருக்கும் யோசனை சொல்லிட்டுத் திரியாதீங்க."

"டெல்மர், என் வண்டியையும் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று பக்கத்து மேசையில் யாரோ கேட்டார்கள். காபி தேனாக இறங்கியது.

வீட்டுக்கு நடக்கும்போது நடீன் அவர் முதுகைத் தட்டிவிட்டாள். மண் உதிர்ந்தது. இன்னொரு முறையும் தட்டினாள்.

"எம்மெட் டயர் எந்த வருஷம்?" என்றாள்.

டெல்மர் நாலு அடி நடந்தார்.

"போன வருஷம்" என்றார். சொல்லும்போதும் வயிறு எரிந்தது.