நாலு வரிப் பாட்டும் ஒரு லட்டும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம், ஈப்போ மண்டப மேடையில், பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவும் வாய் நிறைய லட்டுமாக நான் நின்றபோது என் மூக்கு பூரி மாதிரி உப்பியிருக்கும். யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் குழு ஒன்று ஊர் ஊராகப் போய் ஓர் இசை நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தில் பிறந்த ஒரு பெண்ணின் கதை. கதாநாயகன், கதாநாயகி, வில்லன் கங்காணி எல்லாம் அவர்கள் ஆட்கள். கூட்டமாக நின்று பாட மட்டும் அந்தந்த ஊரில் எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொள்வார்கள். ஈப்போவில் ஒரே ஒரு ஷோ. அதற்குச் சுங்கை சிப்புட்டிலிருக்கும் எங்கள் சர்ச் பாடகர் குழுவைக் கேட்டார்கள்.

அந்தக் குழுவில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இரண்டாவது வரிசை, ஓரம், தூணுக்குப் பின்னால். ஒரு கிறிஸ்மஸுக்குக்கூட ஒரு வரி தனியாகக் கொடுத்ததில்லை. "ஒங்க கொரலு கொஞ்சம் பெருசுக்கா, கூட்டத்தோட இருந்தாதான் அழகு" என்பாள் எங்கள் தலைவி. அவள் குரல் மட்டும் என்னவாம்? கொசு.

நாடக இயக்குநர் சின்னப் பெண்தான். எட்டுப் பேரையும் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்கதான் பொண்ணோட அம்மா" என்றாள். தலைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தாலி கட்டி முடிந்ததும் மேடை இருட்டாகும். அம்மா மேல் மட்டும் விளக்கு விழும். மகளுக்கு விடை கொடுத்து அவள் நாலு வரி பாடுவாள். கூட யாரும் பாட மாட்டார்கள். எனக்கு மகளே கிடையாது, இரண்டும் பையன்கள். அதனால் என்ன? ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்தி வேறென்ன கேட்கிறாள்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் மட்டும் பாட வேண்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

மூன்று வாரம் பாடினேன். நாங்கள் இருந்த எஸ்டேட்டை மூடிய பிறகு எல்லாரும் குடிவந்த தாமான் குடியிருப்பில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அடுப்படியில் பாடினேன், துணி காயப் போடும்போது பாடினேன், குளிக்கும்போது பாடினேன். என் வீட்டுக்காரர் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். "பஸ்ஸுக்கு ஹார்னே வேணாம்லா, ஒன்னயக் கூட்டிட்டுப் போனாப் போதும்" என்றார். அன்றைக்கு அவருக்கு முட்டை போடாமல் கிளறிய நாசி கோரெங் சோறுதான்.

ஒரே ஒரு தகராறு. மூன்றாவது வரி, "பால்மரத்து நெழலெல்லாம் ஒம் பேரச் சொல்லும்." எனக்கு மூச்சு 'பால்ம' வரைக்கும்தான் வரும். அங்கே ஒரு மூச்சு வாங்கி 'ரத்து' என்று எடுப்பேன். கடைசி ஒத்திகைக்கு ஈப்போ போனபோது பாட்டு வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, மரத்தப் பாதியில வெட்டுறீங்களே!" முந்தைய வரி முடிந்ததும் வயிறு நிறைய மூச்சு இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். பத்துத் தடவை இருமி, பதினோராவது தடவை முழு மரமும் வந்தது. ஷோவுக்கு முந்தின நாள் அது.

தாமான்காரர்களை அழைத்ததும் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், பட்டுச்சேலையில் நான் பக்கத்தில் என்று ஒத்திகையில் எடுத்த படத்தைத் தாமான் வாட்ஸாப்பில் போட்டேன். "நான் பொண்ணோட அம்மா. எல்லாரும் பட்டுக் கட்டிக்கிட்டு குடும்பத்தோட வந்துருங்க" என்று எழுதினேன். பந்தாவுக்காகத்தான்.

வந்தார்கள். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் நாற்பது பேர், எல்லாரும் பட்டு, எல்லாரும் பூ. முதல் மூன்று வரிசையும் எங்கள் ஆட்கள். சந்திக் கடை பாய்கூடக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரு பெரிய பெட்டியோடு வந்திருந்தார்.

நாடகம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று மேடையில் ஒருவர் கத்த, நாதஸ்வரம் அதிர்ந்தது. கீழே நாற்பது பேரும் ஒரே ஆளாக எழுந்து நின்றார்கள். மஞ்சள் அரிசி பறந்து வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பை நிறையக் கலந்து கொண்டுவந்து எல்லாருக்கும் பங்கு வைத்திருக்கிறாள்! மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஒரு பிடி விழுந்தது.

சரி, அதோடு விட்டார்களா? எங்கள் பக்கம் தாலி ஏறினால் அடுத்தது என்ன? மேடையேறி வாழ்த்துவது, போட்டோ எடுப்பது. எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த பெரியவர் ஒருவர், எந்தக் கல்யாணத்திலும் யாரும் கேட்காமலே வரிசையைப் பார்த்துக்கொள்கிறவர், மேடைப் படியில் போய் நின்றுகொண்டார். "வலது பக்கமா ஏறு, எடது பக்கமா எறங்கு! குடும்பம் குடும்பமா வாங்கலா! புள்ளைங்களத் தூக்கிக்கோ!"

மணப்பெண்ணாக நடித்தவள் என் காதில், "ஆன்ட்டி, இவங்கல்லாம் யாரு?" என்றாள். "எங்க ஆளுங்கதான், கொஞ்சம் சிரிச்சிரு" என்றேன். வேறென்ன சொல்ல? திரைக்குப் பக்கத்தில் இயக்குநர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். மண்டோர் அவளுக்குத் திருப்பிக் கையாட்டினார். யாரோ ஒருத்தி மணப்பெண் கையில் ஒரு ரைஸ் குக்கரைத் திணித்தாள், கலர் பேப்பர் சுற்றியது. "நாடகமா இருந்தாலும் வெறுங்கையோட எப்படிமா வர்றது" என்றாள்.

அப்போதுதான் விளக்கு அணைந்து என் மேல் மட்டும் வெளிச்சம் விழுந்தது. என் பாட்டுக்கான இசை தொடங்கியது. எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்த இசை, யாருக்காகவும் நிற்காது. வயிறு நிறைய மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். அந்த வெளிச்சத்துக்குள் பாய் வந்தார்.

"பொண்ணப் பெத்தவங்க வாயி மொதல்ல இனிக்கணும்மா" என்று ஒரு லட்டை முழுசாக என் வாயில் வைத்தார். பாய் கடை லட்டு, டென்னிஸ் பந்து அளவு. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பட்டுக்காரர்கள் எல்லாரும் கைதட்டி, என்னைச் சுற்றி நின்று போட்டோவுக்குச் சிரித்தார்கள். லட்டு தொண்டையில் இறங்குவதற்குள் நாலு வரிக்கான இசையும் முடிந்து அடுத்த காட்சியின் லாரிச் சத்தம் கேட்டது. அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெண், புருஷன் வீட்டுக்கு, ரைஸ் குக்கரோடு லாரி ஏறிப் போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் முதல் சீட்டில், எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து ஒரு லட்டுக்குத் தோற்றேனே! பக்கத்து வீட்டு அக்கா மெதுவாக வந்தாள்.

"நாடகம்னு தெரியாதாக்கா ஒனக்கு?" என்று சீறினேன்.

"தெரியும்லா. அதுக்காகத் தாலி ஏறுறப்ப சும்மா ஒக்காந்திருக்க முடியுமா? அதுவும் நீ பொண்ணோட அம்மா."

பாய் பின்னாலிருந்து, "மன்னிச்சுக்கம்மா, சின்ன லட்டா போட்டிருக்கணும்" என்றார்.

செம்மோர் ஊரைத் தாண்டி, பெட்ரோல் போடும் ஓர் எண்ணெய்க் கடையில் வீட்டுக்காரர் பஸ்ஸை நிறுத்தி என்ஜினை அணைத்தார்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

"நீ பாடாம வீட்டுக்கு வந்தா ஒரு மாசத்துக்கு எனக்குச் சோறு கெடைக்காது. எந்திரி, பாடு. டேய், எல்லாரும் வாய மூடுங்க. போட்டோ கீட்டோ எடுத்தா எறக்கி விட்டுருவேன்."

முடியாது என்றேன். அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி நின்று தொடங்கினேன்.

"போற வழியில திரும்பிப் பாக்காதே..."

முதல் வரி என்னுடையது. இரண்டாவது வரியில் பக்கத்து வீட்டு அக்காவின் உதடு அசைந்தது. வரி முடிவதற்குள் பாதிப் பஸ் பாடிக்கொண்டிருந்தது. மண்டோர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்! என் வீட்டுக்காரரே பாடுகிறார்! மூன்று வாரம் சுவர் வழியாகக் கேட்டு என் பாட்டை மொத்தத் தாமானும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. இது தனிப்பாட்டு, வாயை மூடுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் மூன்றாவது வரி வந்துவிட்டது. வயிறு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"பால்ம" என்று பாடினோம். நாற்பது பேரும் டக்கென்று நிறுத்தி, என் அடுப்படியில் நான் வாங்கிய அதே இடத்தில், ஒன்றாக மூச்சு வாங்கினார்கள்.

நான் நிறுத்தவில்லை. அந்த ஒரு மூச்சு நேரம் பஸ்ஸில் என் குரல் மட்டும் கேட்டது.