சகடையில் ஏற மறுத்த பயணி

மனைவியின் தங்கை பருத்தித்துறையிலிருந்து எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவரிடம் ஒரு பெட்டியும் ஒரு பை ஒடியல்மாவும் கனடா விசா ஒட்டிய கடவுச்சீட்டும் இருந்தன. ரொறன்ரோவில் மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகனுக்கு இரவு வேலை. மாதக் கடைசிக்குள் தாய் அங்கே நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

விசா, டிக்கட், காப்புறுதி எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் படுக்கும், எவ்வளவு காலம் படுக்கும், யார் இருமினால் எழும்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மச்சாளின் விண்ணப்பம் எங்கும் படுக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தது. பயணி விமானத்தில் ஏறுவது மட்டும் பாக்கி.

வந்த அன்று பிட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு மச்சாள் சொன்னார்:

"நான் சகடையிலை ஏறமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். என்னுடைய தமிழை மனைவி கலியாணம் கட்டிய நாள்முதல் திருத்தி வருகிறார். வேலை இன்னும் முடியவில்லை. சகடை என்றால் எனக்குத் தெரிந்தது சில்லு வைத்த வண்டி. டிக்கட் போடும்போது மகள், தாய்க்கு விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்திருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். விஷயம் தெளிவாக இருந்தது. கோயிலைச் சுற்றி அடிக்கொரு தடவை விழுந்து கும்பிட்டு அடியழிக்கிற ஒரு பெண், தன்னை மாமூட்டை மாதிரி ஒருவர் தள்ளிக்கொண்டு போவதை விரும்பவில்லை. எனக்கு அந்த ரோஷம் பிடித்திருந்தது.

அடுத்த நாள் காலை விமானக் கம்பனிக்கு ஈமெயில் எழுதினேன். உறுதிப்படுத்துமாறு கேட்டார்கள். பயணி பூரண தேகாரோக்கியத்துடன் இருக்கிறார், மேற்படி உதவி எவ்வகையிலும் தேவையில்லை, இதற்கான பொறுப்பு முழுவதும் எங்களையே சாரும் என்று நல்ல உத்தியோக ஆங்கிலத்தில் உறுதிப்படுத்தினேன். பதில் வந்தது. அச்செடுத்துக் கோவையில் போட்டேன். பிறகு தேநீர் மேசையில் அறிவித்தேன்:

"சகடையை கென்சல் பண்ணியாச்சு."

மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில், அவருடைய அக்காவின் முகத்தில்கூட நான் காணாத ஒரு மரியாதை இருந்தது.

"மெய்யாவோ அத்தான்? அப்ப கப்பலிலையோ போறது?"

மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இஞ்சருங்கோ, நீங்கள் எதைக் கென்சல் பண்ணினனீங்கள்?"

சொன்னேன். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். அது கொஞ்சநேரம் நீடித்தது. நான் கோவையை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு வந்தபோதும் முடிந்திருக்கவில்லை.

"சகடை எண்டா பிளேன்," என்றார் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சண்டைக்காலத்துப் பேர். சாமான் ஏத்திற பாரமான பிளேன். மாட்டுவண்டில் மாதிரி உருண்டுகொண்டு வரும்."

"பொம்பர் எண்டால் பரவாயில்லை, அத்தான்," என்றார் மச்சாள். "கத்திக்கொண்டு வரும், போட்டுட்டுப் போயிடும். அது வேலைக்காரன். சகடை அப்பிடியில்லை. ஆறுதலாச் சுத்தும். யோசிக்கும். போடுவமோ விடுவமோ எண்டு யோசிச்சுப்போட்டுப் பீப்பாக் குண்டை உருட்டிவிடும். கீழை இருக்கிற எங்களுக்கும் யோசிக்க நேரம் குடுக்கும்."

அந்தச் சண்டைக்காலம் முதல் மச்சாளுக்கு வானத்தில் போகிற எல்லாமே சகடைதான். கொழும்புக்கு எப்போதும் பஸ்ஸில்தான் வருவார். எங்கள் வீட்டுக்கு மேலால் ரத்மலானைப் பயிற்சி விமானங்கள் கடற்கரையோரமாகப் போகும். அப்போதெல்லாம் மச்சாள் பேச்சை நிறுத்தாமலே எழுந்து, குளியலறைக்கும் சாமியறைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நடையில் போய் நிற்பார். சத்தம் போனதும் திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து கதைப்பார். அவருக்கு அங்கே ஏதோ வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

இது மனம் சம்பந்தமான விஷயம், டொக்டரிடம் காட்டுவோம் என்றார் மனைவி. டொக்டர் மாத்திரை தருவார். மாத்திரை போட்டவர் நடையில் நின்றபடியே நித்திரை கொள்வார். நிர்வாகத்தில் நாங்கள் செய்வது வேறு. புதிய முறையொன்றை அமுல்படுத்துமுன் ஒத்திகை பார்ப்போம். ரத்மலானையில் விமான நூதனசாலை இருக்கிறது. விமானங்கள் நிற்கின்றன, பறப்பதில்லை. ஏறி இருந்து இறங்கிப் பழகினால், மற்றது அதே செய்கையின் நீண்ட வடிவம்தான்.

"பயந்தவளைக் கொண்டுபோய் அதின்ரை வாய்க்குள்ளையே விடப்போறியளோ?" என்றார் மனைவி.

மச்சாள்தான் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"எஞ்சின் போடமாட்டினம் எண்டு எழுதித் தருவினமோ எண்டு கேளுங்கோ."

தொலைபேசியில் கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் கேள்வியை இன்னொருதரம் சொல்லச் சொன்னார். பிறகு, அவற்றில் பலவற்றுக்குள் எஞ்சினே இல்லை என்று பணிவாகச் சொன்னார். எழுத்தில் தரமுடியாது, ஆனால் வாய்மூல உறுதி கிடைத்திருக்கிறது என்று மச்சாளிடம் தெரிவித்தேன்.

புதன்கிழமை காலி வீதியில் பஸ் எடுத்துப் போனோம். மனைவி வரவில்லை, முழங்கால் வலி என்றார். வாசலில் கேட்குமுன்பே அடையாள அட்டைகளை நீட்டினேன். உள்ளே எங்களுக்கு வழிகாட்ட ஒரு சார்ஜன்ட் வந்தார். நடுத்தர வயது, சற்று வயிறு, முகத்தைவிட ஒரு அளவு பெரிய மீசை. அவரோடு நான் சிங்களத்தில் கதைத்தேன். இரண்டாம் மொழிப் பரீட்சையில் நான் முதல்தரம். அதன் பயன் இப்போது மரக்கறிக்காரரிடமும் இப்படியான இடங்களிலும்தான்.

பெரிய கொட்டகைக்குள் விமானங்கள் வரிசையாக நின்றன. இரட்டைச் சிறகு வைத்த பழைய பயிற்சி விமானம், வெள்ளிநிற டக்கோட்டா, மூக்கு நீண்ட ஜெட்கள். எல்லாம் நன்றாகத் துடைத்திருந்தது. நான் ஒவ்வொரு பலகையையும் மூன்று மொழியிலும் வாசித்தேன். மூன்றும் ஒத்துப்போனதில் எனக்குச் சிறு ஏமாற்றம்.

மச்சாள் பலகை எதையும் பார்க்கவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நடுவழியில் நடந்தார். நான் டக்கோட்டாவின் சரித்திரத்தை மொழிபெயர்த்து முடித்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணவில்லை. கொட்டகைக்கு வெளியே நின்ற ஒரு விமானத்தின் கயிற்று வேலியைத் தாண்டி, அதன் வயிற்றுக்குக் கீழே குனிந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தயா, அங்கே போகக்கூடாது," என்று சார்ஜன்ட் ஓடினார். விதி எனக்கும் தெரியும். கயிறு கட்டியிருந்தால் அதற்கு இந்தப் பக்கம்தான் பொதுமக்கள். ஆனால் மச்சாள் அதற்குள் அடுத்த விமானத்தின் கீழே போய்விட்டார். அதையும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டி நிராகரித்தார். மூன்றாவது, இரண்டு விசிறி வைத்த, உருண்டு திரண்ட ஒரு சாமான் விமானம். அதன் கீழே அதிகநேரம் நின்றார்.

"உதுதான்," என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"முகத்தை ஆர் கண்டது? எனக்கு வயிறுதான் தெரியும்."

நிமிர்ந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். சார்ஜன்ட் கைகொடுத்து வெளியே கொண்டுவந்தார். பிடித்த கையை மச்சாள் விடவில்லை. அந்த விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தார். ரயர்களில் காற்றுக் குறைவு. விசிறியொன்றின் இடுக்கில் மைனா கூடு கட்டியிருந்தது.

"இவ்வளவுதானோ?" என்றார். "நான் எங்கடை பள்ளிக்கூடமளவு இருக்குமெண்டெல்லோ நினைச்சன்."

"அம்மா எங்கே ஊர்?" என்று சார்ஜன்ட் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"யாழ்ப்பாணம்."

அவருக்கு முகம் மலர்ந்தது. விமானத்தின் விலாவில் மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டினார்.

"இது நல்ல ஆள், அம்மா. யாழ்ப்பாணம் நிறைய தரம் போனது!"

"தெரியும், தம்பி," என்றார் மச்சாள். "நான் கீழை நிண்டனான்."

சார்ஜன்டின் தமிழ் அவ்வளவு தூரம் போகாது. என்ன சொன்னார் என்று என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பில் இரண்டு வழிகள் உண்டு. கருத்தை மட்டும் சொல்லலாம், அல்லது சொல்லுக்குச் சொல் சொல்லலாம். நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

அவருடைய கை விமானத்தின் மீதே நின்றுவிட்டது. பிறகு சிங்களத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். இந்தமுறை நான் தமிழாக்கினேன்:

"தானும் கீழதானாம். தரைப் பிரிவு. எஞ்சின் பூட்டுறதும் கழட்டுறதும். ஒருநாளும் ஏறிப் போனதில்லையாம். ஒருக்கா ஏத்திப் பார்த்தாங்களாம், ஓடுபாதை முடியிறதுக்குள்ள வயித்தைப் பிரட்டிச் சத்தியெடுத்துட்டாராம்."

மச்சாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உந்த மீசையோடையோ?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. மீசை என்ற சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. மீசையைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். மச்சாளும் சிரித்தார். பிறகு சார்ஜன்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு பார்வையாளர் யாரும் இல்லை. எங்கிருந்தோ ஒரு இரும்புப் படிக்கட்டை உருட்டிக்கொண்டு வந்து கதவோடு பொருத்தினார். இதற்கு எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் படிக்கட்டு அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

படியின் அடியில் மச்சாள் நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் படிகளைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

உள்ளே இரண்டு பக்கமும் நீளவாங்கு மாதிரி இருக்கை. கதவோரமாக உட்கார்ந்தார். இடுப்புப் பட்டியை நான் காட்டிக்கொடுத்தேன். பூட்டினார், கழற்றினார், மறுபடி பூட்டினார். ஜன்னலால் கீழே பார்த்தார். புல்லும் கயிறும் ஒரு தண்ணீர்க் குழாயும் அவருடைய செருப்பும் தெரிந்தன.

"மேலையிருந்து பாத்தால் வீடு தெரியுமோ, மரந்தான் தெரியுமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். சார்ஜன்ட் படிக்கட்டில் நின்றபடி, தனக்குத் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் உத்தியோகத்தரைச் சேவைக்காலத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

மச்சாள் தலையாட்டினார். கைப்பையைத் திறந்து, அக்கா கட்டிக்கொடுத்த எள்ளுப்பாகை எடுத்து எங்களுக்கும் தந்து, தானும் சாப்பிட்டார். வெளியே மைனா கத்தியது. சாப்பிட்டு முடித்ததும் மடியிலிருந்த எள்ளைத் தட்டினார்.

"சரி. இறங்குவம்."

பஸ்ஸில் திரும்பும்போது தெஹிவளை வரை அவர் ஜன்னலால் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலத்தடியில் சொன்னார்:

"அத்தான், நான் ஏறுறன்."

"நல்லது."

"ஆனா சகடையிலைதான்."

நான் பேசாமல் இருந்தேன். ஒரு தடவை பட்டவன்.

"நீங்கள் சொன்ன சகடை," என்றார். "தள்ளிக்கொண்டு போற கதிரை. அந்தப் பிளேனுக்குக் கீழை குனிஞ்சதிலை முழங்கால் பிடிச்சிட்டுது. உந்தப் பெரிய எயர்போட்டிலை என்னாலை நடக்க ஏலாது."

விமானக் கம்பனிக்கு மறுபடி எழுதினேன். பயணி பூரண தேகாரோக்கியத்துடன் இருக்கிறார் என்று தாங்களே உறுதியளித்திருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. என்னுடைய வசனத்தையே மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதில் குற்றம் காண இடமில்லை, நான் எழுதியது. மருத்துவச் சான்றிதழ், படிவம், மீண்டும் படிவம். இதற்கு முன்னர் மேசையின் மறுபக்கத்தில் இருந்துதான் இதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

பயண நாளன்று வாடகை வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனோம். ஒரு பெண் சக்கர நாற்காலியோடு வந்தார். மச்சாள் சேலையைச் சரிசெய்து, பேரப்பிள்ளைக்கான பையை மடியில் வைத்து, திருவிழாவுக்கு எழுந்தருளுவதுபோல அமர்ந்தார். அக்காவும் தங்கையும் அழுதார்கள். வாசலுக்குள் போகுமுன் திரும்பி என்னிடம், "அத்தான், இதைக் கென்சல் பண்ணிப்போடாதேங்கோ," என்றார்.

விமானம் புறப்படும்வரை வீட்டுக்குப் போவதில்லை என்பது மனைவியின் தீர்மானம். வாகனத் தரிப்பிடத்தில் நின்றோம். 'ஏறியாச்சு, பெல்ற் நானே பூட்டினன்' என்று தொலைபேசியில் செய்தி வந்தது. வெகுநேரம் கழித்து, பெரிய விமானமொன்று இரைந்துகொண்டு எங்கள் தலைக்கு மேலால் எழுந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். வயிறு மட்டும் தெரிந்தது.

மனைவி பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த கொங்கிறீட் தூணோடு முதுகை ஒட்டி நின்று, கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் நான் இதைக் கவனித்ததில்லை. அன்று ரத்மலானைக்கு வராததற்குச் சொன்ன முழங்கால் வலி, எனக்குத் தெரிந்து, அவருக்கு இருந்ததே இல்லை. சத்தம் முழுதாகத் தேய்ந்த பிறகு தூணை விட்டு வந்தார்.

"சகடை போட்டுது," என்றார்.

மனைவியின் தமிழில் 'போய்விட்டது' என்பதும் 'போட்டுது'தான். குண்டைப் போட்டது என்பதும் 'போட்டுது'தான். முன்பென்றால் நானே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கருமம் ஆற்றியிருப்பேன்.

"போயிருச்சா, போட்டுருச்சா?" என்று கேட்டேன்.

அவர் வானத்தைப் பார்த்தார்; பிறகு என்னை.

"போயிட்டுது," என்றார். "வாங்கோ."