சுடர் பின்னோக்கி ஏறிய குழாய்

செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு சோதனைக் கூடத்தில் ரேணுகா வேலை பார்த்தாள். வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் இன்ஜினியரிங் படித்த முதல் பெண். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே சேர்ந்தபோது அவளிடம் கொடுத்த வேலை ஒன்றுதான்: மின்சாரம் எடுக்கும் சின்ன எரிவாயு டர்பைன்களுக்கு, ஊர்க்காற்றைக் கெடுக்காத ஒரு பர்னர்.

பழைய பர்னரில் வாயுவும் காற்றும் நெருப்புக்குள் வந்துதான் சந்தித்தன. சரியாகக் கலக்காத இடங்களில் சூடு எக்கச்சக்கமாக ஏறும். நச்சுவாயு அங்கேதான் பிறக்கும். இரண்டையும் முன்கூட்டியே ஒரு குழாயில் சுழற்றிக் கலந்து, காற்றைத் தாராளமாக விட்டால் சூடு மட்டுப்படும். ஆனால் அப்படிக் கலந்த வாயு, குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளவும் தயாராக இருக்கும்.

ரேணுகா வரைந்த குழாயைச் சோதித்தபோது அதுதான் நடந்தது. சுடர் பின்னோக்கி ஏறிக் குழாய் வெடித்தது. கருவி ஒன்றைச் சரிபார்க்கக் கிட்டே போயிருந்த அவளுடைய வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

வால்வைப் பிடித்திருந்தவர் கூடத்து ஊழியர் சம்பத். வாயுவைச் சட்டென்று திறந்துவிட்டார் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அவர் மறுக்கவில்லை, தன்னால்தான் ஆனது என்று அவரே நம்பினார். முதலாளி செல்வராஜ் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்.

உடைந்த குழாயை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள் ரேணுகா. குழாயின் மையத்தில் நீளவாக்கில் நிற்கும் நடுத்தண்டின் முனை மட்டும் உருகியிருந்தது. சுழலும் காற்று அங்கேதான் வேகம் குறையும். சுடர் அந்த வழியாக ஏறியிருக்கிறது. அன்று கருவியில் பதிவான அளவிலும் வாயுவின் அழுத்தம் ஏறியிருக்கவில்லை.

பார்க்க வந்த செல்வராஜிடம் சொன்னாள்: "சம்பத் அண்ணன் மேல தப்பு இல்ல சார். என் டிராயிங்லதான் தப்பு. மொதல்ல அவர கூப்புடுங்க."

தன் வேலை போகலாம் என்று தெரிந்துதான் சொன்னாள். செல்வராஜ் எழுந்து போனார். மறுநாள் சதுரங்கப்பட்டினத்தில் சம்பத் வீட்டு வாசலில் அவருடைய கார் நின்றது.

கட்டுப் பிரித்ததும் அப்பா எல்லப்பன் மகளை ஊருக்குக் கூப்பிட்டார். "டீச்சர் வேலைக்குப் போம்மா. இன்னொரு தபா இப்புடி ஆனா இன்னா பண்றது?"

"பயமாத்தான் கீது நைனா. ஆனா தப்பு எங்கன்னு தெரிஞ்சிபோச்சு. இப்ப வுட்டுட்டு வந்தா மனசு ஆறாது."

சரியாக மடங்காத விரல்களோடு திரும்பிப் போனாள். சுடர் ஏறும் வழியை அடைக்க, நடுத்தண்டைத் துளைத்து அதன் வழியே வெறுங்காற்றை வேகமாகப் பாய்ச்ச ஏற்பாடு செய்தாள். சோதனையன்று எல்லாரும் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். வால்வில் கை வைத்த சம்பத் அதைத் திறக்கத் தயங்கினார். ரேணுகா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"தொறங்கண்ணே."

குழாயின் வாயில் நீலச் சுடர் பிடித்தது. சம்பத் வாயுவைக் கூட்டினார், குறைத்தார். அது உள்ளே ஏறவில்லை. நச்சுவாயு பழைய பர்னரில் வந்ததில் கால்பங்குகூட இல்லை. சம்பத் வால்வை மூடிவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு, இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாமா என்று அவரே கேட்டார்.