தோலில் போட்ட ரோடு

கலீலுல்லாவை நான் முதலில் பார்த்தது குழாயடியில். செம்பூரில் அந்தக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த அன்று கை கழுவப் போனேன். ஒருவன் பிழிந்த எலுமிச்சை மூடியால் விரலிடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்ப்பான், முகர்ந்து பார்ப்பான், மறுபடியும் தேய்ப்பான்.

"மீன் கடையா?" என்று கேட்டேன்.

"ஆமாவே, மீன் கடைதான். நீரு என்ன கடை?"

"பி.எஸ்ஸி. பிசிக்ஸ்."

"அது எந்த மார்க்கெட்ல விக்குது?"

எங்கள் குடும்பத்தில் பெருவிரலில் மை தொடாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பட்டத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கோவில்பட்டியிலிருந்து தாதர் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவன். இதைக் கேட்ட நாளிலிருந்து அவன் எனக்கு வைத்த பெயர் 'டிகிரி'. கிண்டல்தான். ஆனால் வராந்தாவில் அவன் அப்படிச் சத்தம் போட்டுக் கூப்பிடும்போது எனக்குக் கசக்கவில்லை.

அவன் ஆட்களுக்குப் பூர்வீகம் கடையநல்லூர். இவன் பிறந்தது தாராவியில். வாப்பா ஷாகுல் ஹமீதுக்கு அங்கே தோல் கார்கானா. பர்ஸ், பெல்ட், கைப்பை தைப்பார்கள். அண்ணன் துபாய்க்குப் போய்விட்டதால் கார்கானாவுக்கு இவன்தான் மிச்சம். இவனுக்கோ அந்தச் சாய வாடையைவிட்டுத் தப்பித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். ஸ்டூடியோவில் அவன் டெம்பரரி. "நோன்புப் பெருநாளுக்குள்ள பெர்மனென்ட் ஆகிக் காட்டு. இல்லன்னா பேசாம கார்கானாவுக்கு வந்துரு" என்று வாப்பா சொல்லியிருந்தார். ஸ்டூடியோவில் இது எனக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் வாப்பா 'எக்ஸ்போர்ட்' செய்வதாகச் சொல்லிவைத்திருந்தான். எலுமிச்சை மூடியின் கதை அதுதான்.

எண்பத்தெட்டில் ஒரு டயர் விளம்பரம் வந்தது. நீண்ட ரோட்டில் கார் ஒன்று ஓட வேண்டும். ரோடு முழுக்கக் கம்ப்யூட்டரில். செய்யும் முறை சுலபமாகத் தோன்றும். ஸ்டாண்டில் கீழ்நோக்கி மாட்டிய கேமராவுக்கு அடியில் எதை வைத்தாலும் அதன் படம் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். அந்த ஒரு சதுரத்தைத் தரைக்கு ஓடு பதிப்பது போல அடுத்தடுத்துப் பதித்தால் ரோடு. பன்வேல் ரோட்டைப் போட்டோ எடுத்து வைத்தோம். அதில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. கார் ஓட ஓட அதே கறை திரும்பத் திரும்ப வந்தது. கறையை அழித்தோம், ரோடு நைலக்ஸ் சேலை மாதிரி வழுக்கியது. நடுவில் போட்ட வெள்ளைக் கோடு புது ரிப்பன் போலக் கிடந்தது.

முதலாளி தேஷ்பாண்டே சார் திரையைப் பார்த்தார். "யே சடக் ஹை யா லுங்கி?" என்றார், இது ரோடா லுங்கியா என்று. எல்லோரும் சிரித்தார்கள், கலீலைத் தவிர. டயர் படம் கைநழுவினால் முதலில் வெளியே போவது டெம்பரரி ஆட்கள்தான். பெருநாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பேப்பரில் சுற்றிய ஒரு சுருளோடு வந்தான். கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தான். கறுப்புச் சாயம் ஏறிய எருமைத் தோல். வழவழப்பான பக்கத்தைக் கீழே போட்டு, சொரசொரப்பான உள்பக்கத்தை மேலே வைத்தான். விளக்கைப் படுக்கைவாட்டில் சாய்த்தான். ஒவ்வொரு சொரசொரப்புக்கும் ஒரு குட்டி நிழல் விழுந்தது. ஜல்லி! வெள்ளைப் பெயின்ட்டால் கோடு இழுத்து, காய்ந்ததும் தோலை முழங்கால் மேல் வைத்து மடக்கினான். கோடு பொருக்குப் பொருக்காக வெடித்தது.

"கார்கானால இப்படி வெடிச்சா மால் ரிஜெக்ட்டு, டிகிரி. இங்க இதுதான் மால்."

தோலில் ஓர் இடம் போல இன்னோர் இடம் இல்லை. பெரிய துண்டாக எடுத்ததால் ஒரே அடையாளம் திரும்பி வரும் தொல்லையும் குறைந்தது. திரையில் அது லாரிகள் மிதித்துத் தேய்ந்த ரோடாகவே இருந்தது. "எந்த ரோடு இது?" என்றார் சார். "சயான்-பன்வேல், சாப்" என்றான் கலீல், முகம் மாறாமல்.

பெருநாளுக்கு முன்பே பெர்மனென்ட் ஆனான்.

அதற்குப் பிறகு ஸ்கூட்டர், பஸ், சிமென்ட் என்று எல்லா விளம்பரக்காரர்களுக்கும் 'அந்த ரோடு' வேண்டியிருந்தது. ஒருவருக்குக் கொடுத்ததை அடுத்தவர் ஏற்கமாட்டார். ஒவ்வொரு படத்துக்கும் புதுத் தோல். ஏ.சி. அறையில் வாடை நின்றது; ஆபரேட்டர்கள் முணுமுணுத்தார்கள்; விஷயம் வெளியே வந்தது. சார் கோபப்படவில்லை. கேமரா ஸ்டாண்டைப் பின்னாலிருந்த ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமுக்கு மாற்றி, "தும் சடக் சம்பாலோ" என்று கலீலின் தோளைத் தட்டினார். ரோடு அவன் பொறுப்பு. கம்ப்யூட்டர் முன்னால் அவன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்தான்.

அதுவரை கலீல் கழிவுத் துண்டு என்று சொல்லித்தான் கார்கானாவிலிருந்து எடுத்துவந்தான். முழுத் தோல் தேவைப்பட்டபோது வாப்பாவிடம் கேட்டே தீரவேண்டியதாயிற்று. துணைக்கு நான் போனேன். ஷாகுல் ஹமீது பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பாத்தீங்களா தம்பி, கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு குதிச்சான். கடேசில நம்ம தோலத்தான் கொண்டுபோயி அதுக்குள்ள வச்சிருக்கான். ஏலே, அங்கயும் தோலு, இங்கயும் தோலு. ரெண்டையும் நீயே பாத்துக்க."

"நீங்க தரலன்னா வேற கார்கானால வாங்கிக்கிடுதேன் வாப்பா."

"வாங்கு. பம்பாய் பூரா சுத்தி வாங்கு. எவன்ட்ட வாங்குனாலும், ஷாகுல் ஹமீது மவன் தோலு வாங்க வந்தாம்னுதாம்ல சொல்லுவான்."

கலீல் தோலைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டான்.

ஒரே ஒரு தடவை வெளியேறப் பார்த்தான். அந்தேரியில் புதிதாக ஒரு கம்பெனி ஆட்டோமேட்டிக் மெஷின்களோடு திறந்திருந்தது. தன் வேலைகளை ஒரு வீடியோ கேசட்டில் ஏற்றிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனான். திரும்பி வந்தவனிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"கேசட்ட முழுசாப் பாத்தானுவ. கார் வேற ஒருத்தன் செஞ்சது, மலை வேற ஒருத்தன் செஞ்சது. எனக்குன்னு இருந்தது ரோடுதான். ரொம்பப் பிடிச்சிப்போச்சி."

"அப்ப வேலை?"

"தாரோம்னானுவ. மொத நாள் வரும்போது நாலு தோலு கொண்டாரச் சொன்னானுவ."

அவன் அங்கே போகவில்லை. கொஞ்ச நாளில் வாப்பாவுக்குக் கை நடுக்கம் வந்தது; தோல் அறுக்க வேறு ஆள் இல்லை. குழாயடியில் இப்போதெல்லாம் எலுமிச்சை மூடி கிடப்பதில்லை.

கலீலுல்லா இன்றும் காலையில் தாராவி கார்கானாவில் தோல் அறுக்கிறான். மதியம் பஸ் ஏறிச் செம்பூருக்கு வந்து, ஸ்டோர் ரூமில் அந்தத் தோலின்மேல் வெள்ளைக் கோடு போடுகிறான்.