குசினியில் நாலு கோடை டயர்

மீன் பொரிகிற வாசத்தோடு ரப்பர் வாசமும் கலந்து வந்தால் எனக்கு மெல்பர்ன் பக்கத்துக் கிரான்பர்ன் ஞாபகம் வந்துவிடும். அங்கே ஒரு அக்காவின் கராஜ். கார் நிற்காத கராஜ். வீட்டுக்குள் வாடை ஏறக்கூடாதென்று அடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்து, குசினி என்றே கூப்பிடுவார். அதன் மூலையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு குளிர்காலம் முழுக்க என் ஸ்போர்ட்ஸ் காரின் கோடை டயர்கள் படுத்திருந்தன.

கோடை டயர் வெயில் குடித்து வளர்ந்த பிள்ளை. சூடேறிய தாரில் அட்டையாய் ஒட்டும். குளிர் வந்தால் விறைத்துக்கொள்ளும். இங்கே குளிர் தொடங்கும் மே மாதம், த பேசின் என்ற மலையோர ஊரின் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது, ஈர இலைகளின் மேல் காரின் பின்பக்கம் மெல்ல விலகியது. ஒன்றும் ஆகவில்லை. மனைவி மடியில் வைத்திருந்த சர்க்கரைப் பொங்கல்கூடச் சிந்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. இரண்டே இருக்கை, அதிலும் ஒன்று காலி. ஒவ்வொரு வளைவிலும் அந்தக் காலி இடம் என் தோளை இடித்தது.

மழைக்கு வேறு டயர் தேடினேன். மெல்பர்ன் தெருவில் பனி விழாது. வேண்டியது தண்ணீரைப் பிளந்து தள்ளும் டயர். கடை கடையாய்ப் போய், வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிறவன்போலப் பள்ளங்களில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். ஆழமான பள்ளமும் இளகிய தோலுமாய் நாலு வாங்கி மாட்டினேன்.

"இப்ப வர்றியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"வெயில் வந்தா பழசைத்தானே மாட்டுவீங்க? இந்த ஊர் வெயிலை நம்பி மாட்டுவீங்க, மத்தியானம் மழை கொட்டும். நான் வரலை."

பழசைத் தூக்கிப்போட எனக்கு மனசில்லை. எங்கள் சின்ன யூனிட் வீட்டிலோ இடமில்லை. கோயில் வரிசையில் பழக்கமான அந்த யாழ்ப்பாணத்து அக்காதான், "என்ர குசினியில வையுங்கோ தம்பி. அரிசி கெடாத இடத்தில டயர் கெடுமே?" என்றார்.

குளிர் முடிந்து செப்டம்பரில் எடுக்கப் போனோம். என் காருக்குள் ஒரு டயர்கூட நுழையாது. மனைவி தன் பெரிய காரில் பின்னால் வந்தாள். போர்வையை விலக்கினேன். டயர்கள் பளபளத்தன. பள்ளங்களுக்குள் வெள்ளையாய் ஏதோ உறைந்து கிடந்தது.

"தேங்காய் எண்ணெய்," என்றார் அக்கா. "தோசைக்கல்லைச் சும்மா வைச்சா துருப்பிடிக்கும் எல்லோ. இது காய்ஞ்சு வெடிச்சுப்போடும் எண்டு அடிக்கடி பூசினனான்."

எண்ணெய் ரப்பரைத் தின்னும். அது தெரியாத அக்கா சிரித்தபடி நிற்க, ஒரு பள்ளத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். நன்றாகக் கழுவி மாட்டிப் பார்த்தால் என்ன என்று உள்ளே ஒருத்தன் துடித்தான். அவனுக்குச் சூடு வேண்டும், வளைவு வேண்டும், ஒட்டி ஓடவேண்டும். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கொடியில் காய்ந்த துணிகளுக்கு மேல் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

"இது இங்கேயே இருக்கட்டும் அக்கா. மாட்டியிருக்கறதே நல்லா ஓடுது."

"அடுத்த வருச வெயில் வரைக்குமோ?"

"இல்லக்கா. இனிமே வேண்டாம்."

"அப்ப நான் இதை என்ன செய்யிறது, குழம்பு வைக்கிறதோ?"

மனைவி சிரித்துவிட்டாள். "நடுவுல மண்ணைப் போட்டு கறிவேப்பிலை நட்டு வைங்கக்கா."

அக்கா அடுப்புப் பக்கமிருந்து ஒரு பையை எடுத்தார். "பேசின் பிள்ளையாரிட்ட இந்த டயருக்குக் கீழ வைச்சு நசிக்க எண்டு தேசிக்காய் நாலு வாங்கி வைச்சனான். இனி என்னத்துக்கு?"

"குடுங்க," என்று கை நீட்டினாள் மனைவி. "மாட்டியிருக்கற டயருக்கே இந்த எலுமிச்சம்பழத்தை வச்சுக்கறோம்." பையோடு போய் என் காரின் மற்றக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "என் கார் இங்கயே நிக்கட்டும்க்கா. கும்பிட்டு வந்து எடுத்துக்கறேன்."

அக்கா குனிந்து கண்ணாடி வழியாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஓம், போயிட்டு வாங்கோ. நீங்கள் வாறதுக்குள்ள மீன் பொரிச்சு வைக்கிறன்."